நாவல் மரம் வெட்டப்பட்ட செய்தி

பதினான்கு வருஷம் ஆகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. மளிகைக் கடைச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் மாதம் ஒரு தடவை ஒட்டுகிற ஊர்ச் செய்தித் தாளில் தபால்காரக்கா ஒரு வரி எழுதினார்: "பள்ளிக்கூட வாசல் மரத்தை ரம்பக்காரர் வெட்டிவிட்டார்." அந்த ரம்பக்காரர் நான்தான். வெட்டச் சொன்னது ஊர்க் கமிட்டி. அது தாளில் இல்லை. அன்றிலிருந்து கடைக்குப் போனால், "வாங்க மரக்கொல்லி, பீடியா, கோடாலியா?" என்றுதான் கடைக்காரர் கேட்பார். கோபம் வந்தால் என் பெண்டாட்டிக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வரும்.

அந்த அக்கா இப்போது இல்லை. அவரைப் பற்றி நானே எழுத வேண்டியதாகிவிட்டது. ஆறாம் வகுப்போடு நின்றவன், பிழை இருக்கும்.

அக்கா முப்பத்தோரு வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவர். வேலையில் ஓய்வு பெற்ற பிறகும் கால் வீட்டில் தங்கவில்லை. செய்தித் தாளைக் கையால் எழுதுவார். குளிர்காலத் தாள்தான் நீளமானது. யாருக்கு இருமல், யார் வீட்டில் கம்பளி மிச்சம், குளிர் காயக் குப்பையோடு பிளாஸ்டிக்கைக் கொளுத்தியது யார், எல்லாம் வரும். கொளுத்தினவர் அந்த வாரம் தலை காட்ட மாட்டார்.

பள்ளிக்கூட மரம் போன மறுவாரமே பொதுக்கூடத்துக்குத் தெற்கே ஒரு நாவல் கன்று நட்டார். என்னைக் குத்திக் காட்டத்தான் என்று நினைத்தேன். பழைய தபால் பையில் இரண்டு பாட்டில் தண்ணீரோடு தினமும் வந்து ஊற்றுவார்.

ஊருக்கு சோலார் வந்ததும் அவரால்தான். பதினேழு மனு போட்டார். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் அதில்தான் ஓடுகிறது. சோலார் பலகை வைக்க ஆள் வந்தது நல்ல கோடையில். அக்கா கூடத்துக் கூரையில் ஏறி, "இங்க நாள் முழுக்க வெயில்" என்று காட்டினார். மரம் அப்போது கூரை உயரம்கூட இல்லை. வளரும் என்பதோ, குளிர்காலத்தில் வெயில் தெற்கே சாயும் என்பதோ அவருக்கும் தோன்றவில்லை, வந்த ஆளுக்கும் தோன்றவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

மூன்று குளிர்காலமாக நிழல் பலகை மேல் விழுந்தது. மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும். கடைசித் தெருக்காரர்கள் குடத்தோடு கிணற்றுக்கு நடந்தார்கள். பலகையை மாற்றி வைக்க அக்கா எழுதாத கடிதம் இல்லை. நான் இரண்டு தடவை கிளை கழித்தேன், கூலி வாங்கவில்லை. ஒரு பக்கம் கழித்தால் மறுபக்கம் தழைத்தது. இந்தக் குளிரில், அந்தத் தெருத் தையல்காரம்மா பனி ஈரத்தில் குடத்தோடு வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நெஞ்சுச் சளி முற்றி, ஜன்னலோரக் கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார். ஜன்னலில் நாவலின் உச்சி தெரிந்தது.

"வாடா மரக்கொல்லி."

"அந்தப் பேரு உங்க புண்ணியம்தான்க்கா."

"நான் ரம்பக்காரர்னு மரியாதையாத்தான எழுதினேன்?"

"கமிட்டி சொல்லுச்சுன்னு ஏன் எழுதல?"

கொஞ்ச நேரம் இருமினார். "கமிட்டித் தீர்மானத்துல கையெழுத்துப் போட்டதுல நானும் ஒருத்திடா. எழுத வெக்கமா இருந்துச்சு."

பதினான்கு வருஷமாகத் திட்டு சேர்த்து வைத்திருந்தவன், சரிந்த தலையணையை நிமிர்த்தி வைத்தேன்.

"நாவலை வெட்டிடு" என்றார்.

"இன்னொரு லெட்டர் போட்டுப் பாக்கலாம்க்கா. பதில் வரும்."

"வராது. முப்பத்தோரு வருஷம் லெட்டர் கொடுத்தவ சொல்றேன். வர்ற லெட்டர் எது, வராத லெட்டர் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"வேற யாரையாவது வெச்சு..."

"வேற ஆளு கூரை மேல சாய்ச்சுடுவான். நீயே வெட்டு. குருவியெல்லாம் இரை தேடப் போனப்புறம் வெட்டு."

வெட்டினேன். எத்தனையோ மரம் வெட்டிய கைதான். அன்றைக்கு ரம்பத்தை மூன்று தடவை நிறுத்தினேன். யாராவது வந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்று பார்த்தேன். கடைக்காரர்கூட வரவில்லை. பதினொரு மணிக்கு மரம் தரையில் கிடந்தது. மோட்டார் சாயங்காலம்வரை நிற்காமல் ஓடியது.

அக்காவிடம் சொல்லப் போனபோது அவர் வாசலில் ஆஸ்பத்திரி வண்டி நின்றது. அக்காவைப் படுக்க வைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை. வண்டியில் ஏற்றுவதற்குள் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தண்ணி ஏறுச்சா?"

"ஏறுச்சுக்கா. கடைசி வீடு வரைக்கும்."

கண்ணை மூடித் திறந்தார். தலையணை அடியிலிருந்து பாதி எழுதின தாளை எடுத்து என் கையில் திணித்தார்.

"மீதிய நீ எழுது. வெட்டச் சொன்னது தபால்காரின்னு பெருசாப் போடு. மொதல்ல அந்தக் கடைச் சுவத்துல ஒட்டு."