கட்டையில் நேராக நின்ற பொனற்

முருங்கனில் கராஜ் வைத்து வாகனங்களுக்குத் தகர வேலை செய்த ரிங்கர் பாஸ் இன்று காலை போய்விட்டார்.

காலையிலிருந்து எல்லோரும் பேஸ்புக்கில் "தங்கமான மனுசன்" என்று போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போடுங்கள்... செத்தால்தானே எல்லோரும் தங்கம்.

என் அப்பாவின் சிவப்புக் கார் இன்னும் அவருடைய முற்றத்தில்தான் நிற்கிறது. அதனால் நானும் ஒரு அஞ்சலி எழுத வேண்டியிருக்கிறது.

அப்பா நெல் விதைத்த மனுசன். ஆனால் இளவயதில், நாட்டை விட்டுப் போன ஒரு டொக்டரிடமிருந்து இரண்டு சீற் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவிட்டார். அப்போதே அது பழசு. கலியாணம் முடித்த கையோடு அம்மாவை ஏற்றிக்கொண்டு மன்னார்ப் பாலத்தைக் கடந்தாராம். கூரை இல்லாத கார்... அம்மா தலையில் வைத்திருந்த பூவெல்லாம் கடலுக்குள் பறந்ததாம்.

இடம்பெயர்ந்தபோது அதை வீட்டுக்குப் பின்னால் விட்டுவிட்டு ஓடினோம். மீள்குடியேறி வந்து பார்த்தால் சில்லுகளில் ரயர் இல்லை, எஞ்சினை மூடும் பொனற் இல்லை. பொனற் யாருடைய பங்கருக்கு மூடியாகப் போனதோ...

அப்பாவுக்கு அப்போது கிட்னி பழுது. அவர் கேட்டது ஒன்றுதான். இன்னொரு முறை அம்மாவோடு அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும்.

மாமா கொழும்பில் அலைந்து, அதே மாதிரிக் காரின் பொனற் ஒன்றைப் பிடித்து, பேசாலைக்குத் திரும்பி வந்த மீன் லொறியில் அனுப்பினார். நாறிக்கொண்டுதான் வந்தது. அப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

ரயர் வந்து சேரவில்லை. பாஸ் காரைக் கட்டைகளில் ஏற்றி வைத்தே பொனற்றைப் பொருத்தத் தொடங்கினார். பிணைச்சல் நட்டைத் தளர்த்துவார், தகடு வைப்பார், மூடுவார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்க இடைவெளியையும் பார்ப்பார். திரும்பவும் கழற்றுவார். சோம்பேறி இல்லை... அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா நாள்தோறும் போய் அங்கே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். ஒருநாள் மெல்லச் சொன்னார்.

"பாஸ், நிலத்தில இறக்கிப்போட்டுப் பூட்டினா நல்லதல்லோ. எங்கட ட்ரெயிலர் கதவும் கட்டையில நிக்கேக்கை வடிவாப் பூட்டும். இறக்கினா இழுக்கும்."

கராஜில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பாஸ் சொன்னார்: "ஐயா, இது நெல்லேத்துற பெட்டியில்லை. நீங்கள் உங்கட கிட்னி வருத்தத்தைப் பாருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

கட்டையில் பொனற் கச்சிதமாகப் பொருந்தியது. பாஸ் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பாலத்தில் காற்றடிக்கும் என்று அம்மா தலைக்குக் கட்டத் துணிகூட எடுத்து வைத்துவிட்டார்.

ரயர் வந்தது. பூட்டி நிலத்தில் இறக்கினார்கள்... கார் தன் பாரத்தில் லேசாக வளைந்தது. பொனற்றின் ஒரு மூலை முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த தகட்டில் ஏறி நின்றது. லொக் விழவேயில்லை.

"கயித்தால கட்டியெண்டாலும் தாங்கோ பாஸ். ஒருக்காப் பாலத்துக்குப் போட்டு வாறன்" என்றார் அப்பா.

"கயிறு கட்டின கார் என்ர கராஜில இருந்து வெளிய போகாது."

எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்கினார். அது முடியுமுன் அப்பா போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு பாஸ் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "இனி அவசரமில்லைத்தானே, பிள்ளை. ஆறுதலாச் செய்து தாறன்."

நல்லதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அம்மா எழும்பி உள்ளே போய்விட்டார்.

சொன்னபடியே செய்தார். வருடக்கணக்காக... எப்போது கேட்டாலும் "ஒரு பக்கம் இன்னும் நூலளவு நிக்குது". அந்தக் காரின் முகத்தில் முழிக்கவே மாட்டேன் என்றார் அம்மா. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

இன்று பாஸின் மகன் போன் எடுத்தான். "அக்கா, அப்பாவை வைக்கப் பந்தல் போடவேணும். கார் முத்தத்தை அடைச்சுக்கொண்டு நிக்குது. இண்டைக்கு எடுப்பியளோ?"

குரல் உடைந்திருந்தது. பாவம், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

"இனி அவசரமில்லைத்தானே, தம்பி" என்றேன். "ஆறுதலா எடுக்கிறன்."

போய்ச் சேருங்கோ, பாஸ்... அப்பா அங்கே கதிரை போட்டுக்கொண்டு இருப்பார்.