யஹ்யா விற்ற தைரியம்

மாத்தளையில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஜைனுதீனுடைய மகன் யஹ்யாவுக்கு விமானம் என்றால் உயிர். ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறினால் மட்டும் கால் நடுங்கும்.

கொழும்பை அடுத்த இரத்மலானையில் விமானங்கள் வந்திறங்கத் தொடங்கிய புதிது. அப்போது யஹ்யா கொழும்பில் வணிகப் பாடம் படித்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு தொழிலை ஆராய்ந்து கட்டுரை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் தேயிலை, ரப்பர், கொப்பரா என்று எழுத, யஹ்யா விமானக் கம்பனியை எடுத்துக்கொண்டார். விடுமுறைக்கு ஊர் வந்தவர் ரயில் நிலையத்தில் நின்று, இந்தியாவுக்குப் புறப்படுகிற வியாபாரிகளை மறித்து, விமானம் ஓடினால் ஏறுவீர்களா என்று விசாரித்தார். கட்டணம் கூடுதல் என்பார்கள் என்றுதான் நினைத்திருந்தார். புடவைக்கடை மீராசாஹிப் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“கப்பல் கவிழ்ந்தா நீந்தலாம், தம்பி. மேலேருந்து விழுந்தா என்ன செய்யிற?”

மற்றவர்களும் சுற்றிவளைத்து இதையேதான் சொன்னார்கள். கம்பனிக்குப் போட்டி ரயிலுமல்ல, கப்பலுமல்ல, பயணியின் பயம்தான். வேகத்தைப் பேசுமுன் தைரியத்தை விற்க வேண்டும் என்று யஹ்யா எழுதினார். ஆசிரியருக்கு அது பிடித்துப்போக, பிறகு ஒரு விமானக் கம்பனிக்கு அவரைச் சிபாரிசு செய்தார்.

சின்ன விமானம் என்பதால் பயணிகளையும் தராசில் ஏற்றி எடை பார்த்து, ஆறுதல் சொல்லி அனுப்பிவைக்கும் வேலை. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நடுங்குகிறவர் மனம் அவருக்குத் தெரியாதா? ஊருக்கு வந்தால் மேகத்துக்குள் எப்படிக் குளிரும் என்பதுவரை விளக்குவார். தான் ஏறியதாக ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

கலியாணமாகி வந்த ஹமீமா கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் விழித்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒருமுறை கம்பனி அவருக்குத் திருச்சிக்கு இரண்டு இலவச இருக்கைகள் கொடுத்தது. அன்று பார்த்து யஹ்யாவுக்கு வயிற்றுவலி. அவருடைய இடத்தில் ஜைனுதீன் ஏறிக்கொள்ள, மாமனாரும் மருமகளும் பறந்து போனார்கள். அவர்கள் திரும்புகிற நாளில் யஹ்யா கழுத்து வலிக்க வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கி வந்த ஹமீமாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டார்.

“காது கொஞ்சம் அடைச்சிச்சு. மாமா குறட்டை விட்டுத் தூங்கினாங்க,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அடுத்த முறை நீங்களும் வாங்க. கண்ண மூடிக்கங்க, நான் கைய புடிச்சிக்கிறேன்.”

அடுத்த முறை போனார். கடலுக்கு மேலே அவர் பிடித்த பிடியில் ஹமீமாவின் வளையல்கள் நொறுங்கின. திருச்சியில் இறங்கியதும் முதல் வேலையாகக் கடைக்குப் போய், கை நிறையக் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்தார். திரும்பியும் வர வேண்டுமே.