பூவரச மரத்தடியில் ஒரு தகரப்பெட்டி

யுத்தம் முடிந்த மறு வருஷம் என் தங்கையைத் தூத்துக்குடியில் பெரிய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். எங்கள் ஊர் மாப்பிள்ளையூரணியில் அவள் படித்தது ஒரே வாத்தியார் இருந்த பள்ளிக்கூடம். இங்கே ஒரு வகுப்புக்குள்ளேயே அந்தப் பள்ளிக்கூடம் முழுவதையும் உட்கார வைத்துவிடலாம். அவளோ வீட்டிலேயே பேசாதவள். ஏதாவது கேட்டால் தலையாட்டுவாள். மறுபடி கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான் என்பதால், அவளைப் படிக்க வைக்கும் விஷயத்தில் என் பேச்சைக் கேட்டார். ஆனாலும் ஒரு கெடு வைத்தார்.

“ஏலே, ஆடி முடியட்டும். அதுக்குள்ள நாலு பிள்ளையளோட சிரிச்சுப் பேசினாச் சரி. இப்படியே ஊமை மாதிரி போயிட்டு வந்தாள்னா, படிச்சது போதும்னு நிப்பாட்டிருவேன்.”

நான் அப்போது உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் குமாஸ்தா. முதலாளி அண்ணாச்சியிடம் மத்தியானம் அரைமணி கூடுதலாகக் கேட்டு வாங்கினேன். தலைமை ஆசிரியையிடமும் அனுமதி பெற்றேன். வெள்ளைச் சட்டை, குடை, பேனாவும் மைக்கூடும் வைத்த தகரப்பெட்டி சகிதம் தினமும் போனேன். முற்றத்துப் பூவரச மரத்தடியில் தங்கை தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் நின்று, போகிற வருகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, “உன் பேரென்ன? எந்த வகுப்பு?” என்று அன்பாக விசாரிப்பேன். அவளுக்குச் சிநேகிதம் பிடித்துக் கொடுக்கத்தான்.

கூப்பிட்ட பிள்ளைகள் எல்லாரும் வலது கையால் இடது புஜத்தை இறுகப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்கள். பட்டணத்து மரியாதை இதுதான் போலிருக்கிறது என்று பூரித்துப்போனேன். வீட்டில் அம்மாவுக்கு நடித்துக்கூடக் காட்டினேன். ஆனால் ஒருத்தியும் மரத்தடியில் உட்காரவில்லை. நாளாக ஆக, என் குடை வாசலில் தெரிந்ததுமே முற்றம் பாதி காலியாயிற்று.

ஆடி கடைசி வாரத்துக்கு வந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா பொரிவிளங்காய் உருண்டை பிடித்து, “கூட இருக்க பிள்ளையளுக்கும் குடு” என்றாள். பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்து வைத்துவிட்டு, உருண்டைகளை என் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனேன்.

மரத்தடியில் பெட்டியை வைத்துத் திறக்கக் குனிந்ததுதான் தாமதம், முற்றமே அலறிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடியது. ஓட முடியாமல் மாட்டிக்கொண்ட சின்னப் பிள்ளை ஒன்று சட்டைக் கையைத் தூக்கிக் காட்டி அழுதது.

“சார், எனக்குப் போன வருசமே குத்தியாச்சு சார்! தழும்பப் பாருங்க சார்!”

முந்தின வருஷம் அம்மை குத்த வந்தவரும் வெள்ளைச் சட்டை, குடை, தகரப்பெட்டியோடுதான் வந்திருந்தாராம்.

நான் திகைத்து நிற்கும்போதே தங்கை எழுந்தாள்.

“ஏளா, அவரு அம்மை குத்த வந்தவரு இல்ல! எங்க அண்ணன்!”

முற்றம் முழுக்கக் கேட்டது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

வராந்தாத் தூணுக்குப் பின்னாலிருந்து, கடற்கரைத் தெருப் பிள்ளை ஒருத்தி தலையை நீட்டினாள். “அப்போ பொட்டிக்குள்ள என்ன? தொறந்து காட்டச் சொல்லுளா!”

“தொறண்ணே,” என்றாள் தங்கை.

திறந்தேன். கடற்கரைத் தெருக்காரி வந்து எட்டிப் பார்த்து, ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தாள். பல் இறங்கவில்லை.

“ஏ யம்மா! இதுக்கு ஊசியே தேவலை!”

முதலில் சிரித்தது என் தங்கைதான். பிறகு எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டு, உருண்டையைக் கல்லால் தட்டி உடைத்துப் பங்கு போட்டார்கள்.

“நீ பேசுவியாளா? இவரு தெனமும் குத்திக் குத்தி ஒனக்குப் பேச்சே நின்னு போச்சுன்னுல்லா நெனச்சோம்!” என்றாள் கடற்கரைத் தெருக்காரி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் கேட்டேன். “என்னை அம்மை குத்துறவன்னு பிள்ளைய நெனச்சது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“பின்னே ஏன் சொல்லலை?”

“நீ ஆசையால்லா வந்த.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “நாளைக்கு உருண்டைய எங்கிட்டக் குடுத்து விடுண்ணே. நீ வர வேண்டாம்.”

அப்பா வியாபாரத்திலிருந்து வந்து மேல்துண்டை உதறினார். “என்னலே, ஆடி முடியப் போகுதே. பேசுதாளா?”

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இடது புஜத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம், குடை பிடித்த நான் மாதிரி ஒரு தரம், தங்கை அம்மாவுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவும் போய் உட்கார்ந்து, “இன்னொருக்கக் காட்டுளா” என்றார்.