குவாண்டம் தட்டுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று காலை பத்து நாற்பதுக்கு எங்கள் பூஜை அலமாரியின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து நாற்பத்தொன்றுக்கு மகள் கூப்பிட்டாள். அதுவரை நான் நல்ல தகப்பன்.

அவள் பெங்களூருவில் குவாண்டம் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்கிறாள். வெளிநாட்டு சிப் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வந்த சிலிக்கான் தட்டைச் சென்னையில் வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போகிற வழியில், அந்த வழியிலேயே இல்லாத எங்கள் ராஜபாளையம் வீட்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் கிளம்ப வேண்டும். தட்டைக் கடுங்குளிரில் வைத்து அளக்கிற ஆய்வகத்துக் குளிரூட்டும் எந்திரத்தில் அந்த வாரம்தான் அவள் முறை. தவறவிட்டால் அடுத்த வருடம். அன்று காலை அவளும் என் மனைவியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அவளுடைய அத்தையைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

முந்தின நாள் எனக்கு விளக்கியிருந்தாள். அந்தக் கம்ப்யூட்டரின் ஆதார அலகு க்யூபிட். இதுவரை அதை ஆய்வகத்தில் கையால் ஒன்றிரண்டாகச் செய்துவந்தார்களாம். இப்போது போன் சிப் செய்கிற அதே எந்திரங்களில், ஒரே தட்டில் மொத்தமாகச் செய்து பார்க்கிறார்கள். செய்வதில் சிக்கல் இல்லை. எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

நான் நூற்பாலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவன். "இது எங்க மில்லு கததானம்மா. ராட்டையில ஒருத்தி நல்ல நூல் எடுத்தா அது கைத்திறமை. எந்திரத்துல சுத்துற ஆயிரம் கதிரும் ஒரே மாதிரி நூல எடுத்தாத்தான் மில்லு" என்றேன்.

"எங்க லேப் சாரு ரெண்டு மணி நேரம் சொன்னத ரெண்டு வரியில சொல்லிட்டீங்கப்பா" என்றாள். அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வாங்காமல் தப்பிக்கிற எந்திரம் கிடையாது. மில்லில் கதிர்கள் முதல் கழிவறை மோட்டார்வரை வைப்போம். மகளின் தொழில் சாமான் மட்டும் என்ன பாவம் செய்தது? உறையைக் கத்தரித்தேன். பெட்டியைத் திறந்தேன். தோசைக்கல் அகலத்தில், எண்ணெய் மிதக்கிற தண்ணீர்போலத் தட்டு பல நிறம் காட்டியது. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். படமெடுத்தேன்.

"அப்பா, தட்டுல என்ன செவப்பா?"

"குங்குமம்மா."

பஸ் ஹாரனுக்கு மேலே அவள் குரல் வந்தது.

"தொடாதீங்க. தொடைக்காதீங்க. ஊதாதீங்க. மூடியப் போட்டுட்டு ஃபேன நிறுத்துங்க. நான் வாரேன்."

மூடினேன். ஜன்னல்களையும் சாத்தினேன். வியர்வையில் பனியன் ஒட்டியது. எண்ணெய்க் கையோடு நூலைத் தொட்ட எத்தனை பேரை மில்லில் வைதிருப்பேன்! அவர்கள் ஒருவரும் உறையைக் கத்தரித்து உள்ளே கைவிட்டதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பொரிகடலைத் தட்டோடு வந்தார். "என்ன அண்ணாச்சி, ஃபேனு ரிப்பேரா?" என்றவர், கண்ணாடி மூடி வழியே எட்டிப் பார்த்தார். "இம்புட்டுப் பெரிய சிடியா?"

"கிட்ட வராதீங்க."

"ஏன், கடிக்குமோ?"

"பொட்டு வச்சுட்டேன். கெட்டுப்போகும்."

"பொட்டு வச்சாக் கெட்டுப்போகுமா? எங்க வீட்டு மிக்ஸிக்கு வருசா வருசம் வைக்கேன். அது பாட்டுக்கு ஓடுது."

அவர் நீட்டிய பொரியைத் தின்னப் பயமாக இருந்தது, தூள் பறக்கும்.

பன்னிரண்டு மணிவாக்கில் வாசலில் ஆட்டோ நின்றது. "இவிய ஒரு மணி நேரம் தனியா இருந்தா வீட்டுக்கு ஆகாது" என்றபடி மனைவி முதலில் இறங்கினாள். மகள் முகக்கவசம் போட்டுக்கொண்டாள். மூடியைத் திறக்காமலே டார்ச்சைச் சாய்த்து அடித்து, குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அழாதது அதைவிடப் பயமாக இருந்தது.

கடைசியில் நிமிர்ந்தாள்.

"மேல காப்புப் பூச்சு இருக்குப்பா. சில்லு சில்லா வெட்டுன பொறவு எப்படியும் அதக் கழுவித்தான் எடுப்போம். இருந்தாலும் பொட்டு பட்டு நடுவுல உள்ளது போச்சு. ஓரத்துல உள்ளது தேறும், அத வச்சு அளந்துருவேன். ஆனா எங்க சார்ட்ட நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு நீங்களும் ரயிலேறுங்க. வச்சவங்கதான் வந்து சொல்லணும்."