வெள்ளிப் பெயிண்ட் அடித்த சிலிண்டர்

என் கணவரும் பத்து வயது மகளும் ஒரு வெடிகுண்டின் மேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டுத்தான் ஓடினேனா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

குண்டு என்று நான் சொல்வது எங்கள் ஜீப்பை. திருப்பூர் முதலிபாளையத்தில் நான்கு நிட்டிங் மெஷின் போட்டுப் பிழைக்கிற குடும்பத்துக்குக் காடு மேடெல்லாம் ஏறுகிற ஜீப் எதற்கு என்று கேட்டால் என் கணவர் சிரிப்பார், பதில் சொல்ல மாட்டார். கோவையில் யாரோ ஆசை ஆசையாக வெளிநாட்டுச் சாமான்களை மாட்டி, பிறகு சலித்துப்போய் விற்ற வண்டி. சலித்துப்போனவர் புத்திசாலி என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். அது ஓடி நான் பார்த்ததைவிடப் போர்டிகோவில் கழன்று கிடந்து பார்த்ததுதான் அதிகம்.

வண்டியின் பெருமையே அதன் நான்கு ஷாக் அப்சார்பர்கள்தானாம். சாதாரண ஷாக்கில் எண்ணெய் மட்டும் இருக்கும். இதில் எண்ணெய்க்குப் பின்னால் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். கல்லிலும் குழியிலும் வண்டி குதித்துக்கொண்டே போனாலும் எண்ணெய் நுரைத்துப்போகாமல் அந்த வாயு பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு உலோகத் தட்டு, அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். அந்த வருடம் ஆடி மழை முடிந்ததும் நான்கு ஷாக்கும் எண்ணெய் கசிய ஆரம்பித்தன. திருப்பூரில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் கையை விரித்தார்கள். புதிது வாங்கும் பேச்சை நான் எடுக்கவே விடவில்லை.

"நாமளே பண்ணிக்கலாம் அம்மணி. நீ படிச்சுச் சொல்லு, நான் கழட்டறேன்" என்றார்.

பிரவுசிங் சென்டரில் எடுத்து வந்த கற்றைத் தாள், எல்லாம் இங்கிலீஷ். அவருக்கு இங்கிலீஷ் என்றால் காட்டன், யார்ன், ஷிப்மென்ட் வரைக்கும்தான். எனவே நான் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன், அவர் தரையில் உட்கார்ந்து வேலை செய்தார். உள்ளே இருக்கும் வாயுவை முழுக்க வெளியேற்றாமல் மூடியைத் திறந்தால் அது பறந்து வந்து முகத்தில் அடிக்கும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரியை அவர் காதில் விழும்வரை கத்திப் படித்தேன். டயரில் இருப்பது போன்ற சின்ன வால்வு. அதை அமுக்கி வாயுவை விட்டு, மூடியைக் கீழே தள்ளி, உள்ளிருந்த கம்பி வளையத்தை நெம்பி எடுத்து, தண்டை உருவினார். பழைய எண்ணெய் கெட்டுப்போன மீன் மாதிரி நாறியது. எந்த ஷாக் எந்தச் சக்கரத்துடையது என்று ஒவ்வொன்றின் மேலும் சாக்கட்டியால் எழுதிவைத்தார். அதுவரை சரி. உதிரிகளை மண்ணெண்ணெயில் கழுவ என் மாவுக் குண்டாவை எடுத்தாரே, அதற்குத்தான் ஒரு வாரம் நான் பேசவில்லை.

எண்ணெய்க்கும் ஒரு சண்டை. நிட்டிங் மெஷினுக்கு ஊற்றுகிற நீடில் ஆயில் கம்பெனியில் கேன் கேனாகக் கிடக்கிறதே, அதையே ஊற்றினால் என்ன என்றார்.

"துணியில பட்டாத் துவைச்சாப் போயிருமுங்க அந்த எண்ணெய். அதை நம்பி வண்டி ஓட்டறீங்களா?" என்றேன்.

முனகிக்கொண்டே கோவைக்குப் போய்த் தாளில் போட்டிருந்த எண்ணெயையே வாங்கி வந்தார். அந்தச் சண்டையில் ஜெயித்தபோது இனி ஆபத்தெல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

மிச்சமிருந்தது நைட்ரஜன். டயர்க் கடைகளில் அப்போதுதான் நைட்ரஜன் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் ஷாக்குக்கு வேண்டிய அழுத்தம் அங்கே கிடைக்காது. எங்கள் கம்பெனிக்கு அடுத்து ஒரு தம்பி ஒர்க்ஷாப் வைத்திருந்தார். சாயப்பட்டறைகளுக்கு எவர்சில்வர் குழாய் செய்து தருபவர். குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைட்ரஜன் சிலிண்டரும், இரும்பு வெட்ட ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் அவரிடம் இருந்தன. "மாமன் கேட்டு இல்லீங்கறதா?" என்று மறுநாளே மூன்று சக்கர வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அது. எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் கும்பிடுவதோடு நிற்காது. மெஷினை நிறுத்தி, கழுவி, நகராமல் நிற்கிற இரும்புக்கெல்லாம் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். வந்த சிலிண்டரும் தலை முதல் கால் வரை வெள்ளிப் பெயிண்டில் பளபளத்தது. மூன்று பட்டை விபூதி, சந்தனம், குங்குமம், கழுத்தில் வாடிய செவ்வந்தி மாலை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று நான் கேலிகூடச் செய்தேன்.

எங்கள் இருவர் கையிலும் எண்ணெய். சிலிண்டரோடு தம்பி அனுப்பியிருந்த ரெகுலேட்டரை மாட்டினார், அதன் குழாயை ஷாக்கின் வால்வில் நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தாளில் போட்டிருந்த அழுத்தம் வரும்வரை மெதுவாகத் திறந்தார். உஸ்ஸென்று ஏறியது. நான்கும் நிரம்பின. மாட்டி, பானெட்டின் மேல் கை ஊன்றி அமுக்கிப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை எங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

ஞாயிறன்று வெள்ளகோவிலில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு வண்டியைக் காட்டப் புறப்பட்டார். மகள் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். நேராகக் காங்கேயம் ரோட்டில் ஏறாமல், பக்கத்து ஓடைப் பள்ளத்தில் இறங்கிக் கல்லிலும் மணலிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார். நான் குழம்பு வைக்கப் போனேன்.

அரை மணி கழித்து, நான் அரிசி களைந்துகொண்டிருக்கையில் ஒர்க்ஷாப் தம்பி பைக்கில் வந்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. இருந்தாலும் எங்கள் கொங்குப் பக்கத்து மனிதராயிற்றே, வந்த வேகத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுவாரா?

"நல்லா இருக்கீங்களாக்கா? பாப்பா இல்லீங்களா?"

"அவங்கப்பாகூடப் போயிருக்குதுங்க. உட்காருங்க தம்பி, காப்பி போடட்டுங்களா?"

"இருக்கட்டுங்க்கா. தண்ணி மட்டும் குடுங்க." குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார். "அதொண்ணுமில்லீங்க்கா, ஒரு சின்ன விசயம். மாமன் அந்த சிலிண்டர்ல காத்துப் புடிச்சிட்டாருங்களா?"

"புடிச்சு மாட்டியாச்சுங்களே. வண்டியிலதான் போயிருக்காரு."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பூஜைக்கு ஒரே டப்பா பெயிண்டை அவருடைய ஆட்கள் இரண்டு சிலிண்டருக்கும் அடித்திருக்கிறார்கள். ஆக்சிஜன் கறுப்பு, நைட்ரஜன் சாம்பல் என்று இருந்த அடையாளம் போய்விட்டது. வால்வின் மரையும் ஒன்றேதான், ஒரே ரெகுலேட்டர் இரண்டிலும் உட்காரும். அன்று காலை ஒரு அவசர வேலைக்கு இரும்பு வெட்டப் பற்றவைத்திருக்கிறார். தீ பொசுக்கென்று அணைந்துகொண்டே இருந்திருக்கிறது. அவரிடம் நிற்பது நைட்ரஜன். அப்படியானால் எங்கள் வீட்டுக்கு வந்தது ஆக்சிஜன்.

"அதனால என்னங்க தம்பி?" என்று கேட்டேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது.

"எண்ணெயும் ஆக்சிஜனும் சேரக்கூடாதுங்க்கா. அழுத்தத்துல சேந்தா நெருப்பே வேண்டாமுங்க, தானா வெடிக்கும். உள்ள அந்த ரப்பர்ல கொஞ்சம் எண்ணெய் இருந்தாப் போதுமுங்க. வண்டி குதிக்கக் குதிக்கச் சூடாகுமுங்க..."

எண்ணெய்க் கையோடு அந்தக் குழாயை நான்தான் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். ஆனால் அது நினைவுக்கு வந்ததெல்லாம் பிறகுதான். அந்த நிமிஷம் கண்ணுக்குள் நின்றது முன் சீட்டில் ஆடிக்கொண்டு போன இரட்டைச் சடை மட்டும்தான். செல்போனில் அவரை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். மறுபடி அழைத்தேன். மறுபடியும் அவளேதான். அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது.

போட்டிருந்த நைட்டியோடு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அந்தத் தம்பியின் பைக்கில் ஏறினேன். வேறொரு ஆணின் பைக்கில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

பள்ளத்துக் கரையில் பைக் நின்றதும் ஜீப் தெரிந்தது. உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சை விட முடியவில்லை. அவர் கல்குவியலின் மேல் ஏறுகிறார், தொப்பென்று இறங்குகிறார், திரும்பி வந்து மறுபடி ஏறுகிறார். ஒவ்வொரு குதிப்புக்கும் மகள் வீலென்று கத்திச் சிரிப்பது கரை வரைக்கும் கேட்டது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவர் பார்த்துவிட்டார். வித்தையைப் பார்க்கப் பெண்டாட்டியே தேடி வந்துவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு, கல்லிலெல்லாம் விட்டு எகிறியடித்துக்கொண்டு நேராக என்னை நோக்கி வந்தார்.

"நிறுத்துங்க! அங்கியே நிறுத்துங்க!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. வண்டி நின்றது. ஓடிப் போய் மகளை இழுத்துத் தூக்கிக்கொண்டு கரைமேட்டுக்கு ஓடினேன். "இன்னொருக்கா போலாம்மா" என்று அவள் காலை உதைத்தாள். பின்னால் அந்தத் தம்பி என் கணவரிடம், "நல்லா இருக்கீங்களா மாமா" என்று ஆரம்பித்தார். அந்த நிலைமையிலும் எனக்கு அவரைக் கல்லால் அடிக்கத் தோன்றியது.

விஷயம் கேட்டதும் என் கணவர் சீட்டிலிருந்து இறங்கினார். வண்டியைப் பார்த்தார், மேட்டில் நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு இருவரும் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் சோப்பு வாங்கி, எண்ணெய்ப் பிசுக்கு துளி இல்லாமல் முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்கள். ஷாக் ஆறும்வரை காத்திருந்து, வால்வை மெல்ல அமுக்கி ஒவ்வொன்றாக வாயுவை வெளியே விட்டார்கள். நான் மகளின் தலையை மடியில் அழுத்திக் குனிந்து மூடிக்கொண்டிருந்தேன். நான்காவது உஸ் சத்தம் அடங்கிய பிறகுதான் அழுதேன். வண்டியை டிராக்டரில் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார்கள்.

அடுத்த வாரம் ஷாக்குகளை மறுபடி பிரித்தோம். படிக்கத் தாள் தேவைப்படவில்லை. ஒன்றுமே ஆகவில்லை, அந்தத் தம்பி சும்மா பயமுறுத்திவிட்டார் என்று சொல்லத்தான் அவர் ஆசைப்பட்டார் என்று நினைக்கிறேன். மூன்று ஷாக்கில் ஒன்றுமில்லை. போட்ட எண்ணெய் போட்டபடி இருந்தது. அவர் முகம்கூடக் கொஞ்சம் தெளிந்தது.

நான்காவதில் அந்தத் தட்டை வெளியே தள்ளியதும் கையை நிறுத்திவிட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். வாயு இருந்த பக்கம் முழுக்கக் கரி. ரப்பர் வளையம் ஒரு ஓரத்தில் பொசுங்கிச் சுருண்டிருந்தது. உள்ளே ஒரு தடவை தீப்பிடித்திருக்கிறது. பிடித்தது எப்படியோ அணைந்திருக்கிறது. ஏன் அணைந்தது என்று இன்றுவரை யாராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை.

ஷாக்கைத் திருப்பிச் சாக்கட்டி எழுத்தைப் பார்த்தேன். முன் இடது. என் மகள் கால் நீட்டியிருந்த இடத்துக்கு நேர் முன்னால்.

"அம்மணி" என்றார் அவர்.

உள்ளே டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவளைப் போய்க் கட்டிக்கொண்டேன். விடவே இல்லை. "சட்டையெல்லாம் கரியாக்கிட்டீங்களேம்மா" என்று அவள் கோபித்துக்கொண்டாள்.