ஒரே முதுகுக்கு மூன்று விலை

ஸ்கேன் சென்டரில் போன் எடுப்பவளுக்கு விலை தெரிய வேண்டியதில்லை, தெரிந்த மாதிரி பேசினால் போதும். நாலு இடத்தில் விலை கேட்டு நொந்தவர்களே, எதிர்முனையில் இருந்த நானும் நொந்தவள்தான். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு லோதி ரோடு பக்கம் ஒரு சென்டரில் சேர்ந்தேன். காரணம், அம்மாவின் முதுகு. உட்கார்ந்தால் வலி என்று, பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருவாள். இங்கே ஒரு வருஷம் வேலை பார்த்தால் வீட்டு ஆட்களுக்கு ஸ்கேன் பாதி விலை. எட்டு மாதம் ஓடிவிட்டது.

எந்த டாக்டர்?

விலை கேட்டால் முதலில் டாக்டர் பெயரைக் கேட்க வேண்டும். பெயர் சொன்னால் ஒரு விலை, சொல்லாவிட்டால் கொஞ்சம் குறைவு. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ரிட்டயர்டு மாமா ஒருவர் முதுகு ஸ்கேனுக்கு ஒரே காலையில் மூன்று முறை கூப்பிட்டார். டாக்டர் பெயரோடு ஒரு முறை, பெயரில்லாமல் ஒரு முறை, கடைசியில் தன் மச்சினர் மாதிரி. "மாமா, மூணு தடவையும் நீங்கதானே?" என்றேன். அவருக்குக் கூச்சமே இல்லை.

"ஆமாம்மா. ஆள் ஒண்ணுதான். நீதான் மூணு விலை சொன்னே."

ஊசிக்குத் தனி

போனில் சொன்ன விலைக்கான பணத்தோடு ஒரு அக்கா வந்தார். ஸ்கேனுக்கு முன் மருந்து ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சீட்டில் இருந்தது. அதற்குத் தனி, படத்துக்குத் தனி என்றேன். பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு இலைக்குக் காசு கேக்கறியேம்மா."

தெரிந்த குரல்

எல்லாக் கிளைகளின் போனும் எங்கள் மேஜைக்குத்தான் வரும். போன வாரம் மந்திர் மார்க் கிளை நம்பரில் ஒரு குரல், ஓட்டை ஹிந்தியில், முதுகு ஸ்கேனுக்கு விலை கேட்டது. அம்மா. அங்கே வேறு யாரோ எடுப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். என் கவுண்டர் ஹிந்தியில் என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "நான்தான்மா, வந்துடு" என்று வாய்வரை வந்தது. சொன்னால் வரவே மாட்டாள், என் சம்பளத்தைத் தொடமாட்டாள். டாக்டர் பெயரைக் கேட்காமல் பாதி விலை சொன்னேன். மீதியை நான் கட்டிக்கொள்ளலாம். வருவாள் என்று அவ்வளவு ஆசை. அவள் போனை வைக்கவில்லை. கூட நின்ற பக்கத்து வீட்டு அக்காவிடம் தமிழில் சொன்னது கேட்டது.

"ரொம்பக் கம்மியா சொல்றாக்கா. மெஷின் பழசா இருக்கும், வேண்டாம்."

எலும்பு வரைக்கும் பார்க்கிற மெஷினை வைத்துக்கொண்டு, ஒரு நியாயமான விலையை நம்பவைக்க முடியாத தொழில் இது.