முந்நூற்று ஏழாம் அறையில் ஓடிய கார்

கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். பதினெட்டு வருடமாக, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று பொருத்திய பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடி, ஊரில் பாதிப் பேரைச் சாலைக்கு அனுப்பியவள். வாய் கொஞ்சம் நீளம். கியரோடு மல்லுக்கட்டும் வங்கி அதிகாரியைப் பார்த்து, "சார், அது கியரு. கரண்டி இல்ல, கிண்டாதீங்க" என்பாள். திட்டு வாங்கியவர்கள்தான் பிறகு தங்கள் பிள்ளைகளையும் அவளிடமே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பேர்ப்பட்ட பிரேக் அக்கா இப்போது கண் மருத்துவமனைக்கு எதிரே உள்ள ஓட்டலில், மூன்றாவது மாடியில், முந்நூற்று ஏழாம் அறையில், ஐந்து வயது அண்ணன் மகளைக் கட்டிலிலிருந்து குதிக்கவிடாமல் தடுக்க வழி தெரியாமல் விழி பிதுங்கி நின்றாள்.

குழந்தைக்கு வீட்டில் தவளை என்று பெயர். எப்போதும் குதிப்பதுதான், அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை. இடது கண்மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி, அதன்மேல் பட்டையாகப் பிளாஸ்திரி. "மூணு நாள் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, தலைகீழா தொங்கக் கூடாது. முக்கியமா கண்ணக் கசக்கவே கூடாது. தையல் விட்டுப்போச்சுன்னா பார்வைக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். டிவியும் கூடாதாம்.

ஊர் எட்டு மணி நேரத் தொலைவு. பேருந்துக் குலுக்கல் ஆகாது என்பதால் மூன்று நாளும் ஓட்டல்தான். அண்ணன் ஆபரேஷன் முடியும்வரை இருந்துவிட்டு, பிறந்து இருபது நாளான கைக்குழந்தையோடு அண்ணி வீட்டில் தனியாக இருப்பதால் கிளம்பிப் போனார். "நான் பாத்துக்கறேன்" என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு இது. சண்டை போடக் காரணம் இருந்தது.

சாயங்கால வகுப்புகளில் தவளை பின் இருக்கையில் உட்கார்ந்து படம் வரைவது வழக்கம். போன வாரம் வங்கி அதிகாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வயதானவர் சைக்கிளோடு திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். அதிகாரி பயத்தில் கண்ணை மூடிக்கொண்டார். இவள் தன் பிரேக்கை மிதித்தாள். சைக்கிள்காரர் ஒரு சாண் இடைவெளியில் தப்பினார். பின்னால் தவளை பெல்ட் போட்டுத்தான் இருந்தாள், ஆனால் பென்சிலுக்குப் பெல்ட் ஏது? அது இடது கண்ணில் குத்திவிட்டது. கருவிழி தப்பியது, வெள்ளை விழி கிழிந்தது. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அன்றே பள்ளி முதலாளியிடம், "வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் காரின் பக்கமே போகவில்லை.

முதல் நாள் காலையிலேயே அவளுடைய வித்தைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. கதை சொன்னாள். கதையில் குதிரை வந்தது, தவளையும் கட்டிலில் குதிரையானாள். காகிதத்தில் கப்பல் செய்தாள், கப்பல் குளியலறைக்கு ஓடியது. ஜன்னல் வழியே வேடிக்கை காட்டலாம் என்று திரையை விலக்கினால் எதிரே ஒரு மொட்டைச் சுவர், அதில் வரிசையாக ஏசி பெட்டிகள். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்ததும் குழந்தை திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கப் பார்த்தது. வகுப்பில் காட்டும் அதட்டல் குரலையும் எடுத்துப் பார்த்தாள். அங்கே நடுங்குகிறவர்கள் பெரியவர்கள். இங்கே அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

பத்து மணிக்கெல்லாம் களைத்துப்போய் அறையில் இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் தொப்பென்று உட்கார்ந்தாள். தவளை பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு, அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"பெல்ட் போட்டாச்சா சார்?"

அச்சு அசல் அவளுடைய குரல். பிரேக் அக்கா கையை எடுத்துத் தோளில் இல்லாத பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"போட்டாச்சு மேடம். ஒரு சந்தேகம். ஓடற வண்டியில மேடம் எந்திரிக்கலாமா?"

"எந்திரிக்கவே கூடாது" என்றது குழந்தை, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"குதிக்கலாமா?"

"மேடம் எங்கயாவது குதிப்பாங்களா? நீங்க ரோட்டப் பாருங்க."

பிரேக் அக்கா அந்த வழியைப் பிடித்துக்கொண்டாள். டீ வந்த வட்டத் தட்டு ஸ்டீயரிங் ஆனது. ஓட்டல் செருப்பில் ஒன்று தவளையின் நாற்காலிக்கு முன்னால் போட்ட முக்காலியில் உட்கார்ந்து மேடத்தின் பிரேக் ஆனது. வண்டி கிளம்பியது.

வகுப்பில் அவளுக்குத் தெரிந்தது எப்படி ஓட்டுவது என்பது மட்டுமில்லை. பதினெட்டு வருடத்தில் மனிதர்கள் எத்தனை விதமாகத் தப்பாக ஓட்டுவார்கள் என்பதும் அத்துப்படி. அந்தச் சரக்கை எல்லாம் அவிழ்த்துவிட்டாள். திரும்புவதற்கு விளக்கைப் போடாமல் கண்ணாடி துடைப்பானை ஓடவிட்ட டீச்சர், தெரிந்தவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி வணக்கம் போட்ட தையல்காரர், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்கச் சொன்னால் கதவைத் திறந்து இறங்கிப் போய்ப் பார்த்த கடைக்காரர். ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினாள். தவளை விழுந்து விழுந்து சிரிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். மேடம் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு திட்டியது.

"உங்களுக்கெல்லாம் எதுக்கு சார் காரு? நடந்து போங்க, ஒடம்புக்கு நல்லது."

தான் இப்படியா பேசுகிறோம் என்று அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே சிரிப்பும் வந்தது.

அறையைச் சுத்தம் செய்யும் அம்மா வாளியோடு கதவைத் திறந்தபோது, "வண்டி ஓடிட்டிருக்கு, நின்னதும் ஏறுங்க" என்று உத்தரவு போனது. அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் வாசலில் நின்றார். வண்டி நின்றதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "என்னை ரெண்டாவது மாடியில இறக்கி விட்ருங்க மேடம்" என்றார். சாப்பிடக்கூட அன்று வண்டியை ஓரமாக நிறுத்தித்தான் சாப்பிட்டார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் மேடத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நீங்க ஏன் சார் பிரேக்கே போட மாட்டேங்கறீங்க?"

"மறந்து போச்சு மேடம்" என்றாள். உண்மையில் விளையாட்டுக்குக்கூட அவளால் காலை அழுத்த முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் முகம் சுளித்தது. தையல் ஆறும்போது அரிப்பு வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மடியிலிருந்த சின்னக் கை மேலே எழுந்து மூடியின் ஓரத்தைத் தொட்டது. பாய்ந்து பிடித்தால் தவளை தலையை உதறித் திமிறும், அது இன்னும் மோசம். என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"மேடம், குறுக்க சைக்கிள் வருது."

மேடத்தின் இரண்டு கையும் தட்டைப் பற்றின. கால் செருப்பை மிதித்தது. "கிரீச்" என்று நீளமாக ஒரு சத்தம் கொடுத்து வண்டியை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

"பிரேக் போடத் தெரியாதா உங்களுக்கு? அந்த சைக்கிள்காரர் செத்துப் போயிருப்பாரே."

அவள் தட்டை விடவில்லை. குழந்தையின் கைகளும் அதில்தான் இருந்தன, அப்படியே இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு வாரமாக மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள்.

"போட்டா, பின்னாடி ஒரு பாப்பா உக்காந்திருக்கே மேடம். அதுக்கு அடிபட்டுடுமே."

தவளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"பாப்பாவ டாக்டர் தைச்சிடுவாரு. அவரு செத்துட்டா தைக்க முடியாதுல்ல? பிரேக் போட்டுத்தான் ஆகணும் சார். வண்டிய எடுங்க."

வண்டியை எடுத்தாள். கண்ணில் நீர் முட்டி ரோடு கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. அரிப்பு எப்போது நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் வரை பதினொரு சைக்கிள், நான்கு லாரி, ஒரு யானை குறுக்கே வந்தன.

மூன்றாம் நாள் டாக்டர் பிளாஸ்திரியைப் பிரித்து மூடியை எடுத்தார். சின்ன விளக்கை அடித்து, இமையைத் தூக்கி, வெகுநேரம் பார்த்தார். டாக்டர் நல்ல கண்ணை மூடிவிட்டுச் சுவரில் இருந்த படங்களைக் காட்டினார். தவளை பந்து, குடை, மீன் என்று கடைசி வரி வரை சொன்னது.

"தையல் அப்படியே இருக்கு. பார்வைக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார் டாக்டர். "இவள எப்படிம்மா மூணு நாள் உக்கார வச்சீங்க? எங்கிட்ட வர்ற பெரியவங்களே அடங்க மாட்டாங்க."

"நான்தான் அத்தைய உக்கார வச்சேன்" என்றது தவளை. "அவங்களுக்கு ஓட்டவே தெரியாது. பிரேக் போடக்கூட பயப்படறாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப லைசென்ஸ் குடுக்கலாமா, வேணாமா?"

தவளை இரண்டு கண்ணாலும் அத்தையை ஏற இறங்கப் பார்த்தது.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டட்டும். நான் கூட உக்காந்துக்கறேன், பயம் போயிடும்."

"சரிங்க மேடம்" என்றாள் அத்தை. "திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு வண்டிய எடுக்கறேன்." அன்று காலைவரை அப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைக்கவே இல்லை.